விலக்குப் பிரிவிலிருந்து தொடங்கும் வகுப்பு: ஓட்டேரி மாடி வாசகசாலையின் நிலப் போராட்டப் பாடம்

ஓட்டேரியில், பழைய பின்னி ஆலை இருந்த பக்கத்துச் சந்து ஒன்றில், மிக்சி, மோட்டார் பழுதுபார்க்கும் கடையின் மாடியில் ஒரு வாடகை வாசகசாலை இயங்குகிறது. பெயர்ப்பலகை கிடையாது, மாடி லைப்ரரி எங்கே என்று கேட்டால் அக்கம்பக்கத்தில் யாரும் வழி சொல்வார்கள். அங்கே ஞாயிறு மாலைகளில், பழங்குடிகளும் உழவர்களும் நடத்திய கிளர்ச்சிகளைப் பற்றியும் அவற்றுக்குப் பின்வந்த நிலச் சீர்திருத்தச் சட்டங்களைப் பற்றியும் எட்டு அமர்வுகள் கொண்ட ஒரு பாடத்தொடர் நடக்கிறது. கட்டணம் 600 ரூபாய்; மாணவர்களுக்குப் பாதி. முழுத் தொடரையும் இருந்து கேட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கொடுத்த காசுக்குத் தகுமா என்றால், தாராளமாகத் தகும். ஆனால் எட்டு அமர்வுகளும் ஒரே தரம் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். மூன்று அமர்வுகள் வேறெங்கும் கிடைக்காதவை, மூன்று பரவாயில்லை ரகம், மீதி இரண்டும் அள்ளித் தெளித்த அவசரக்கோலம்.

இந்த வகுப்பைத் தனித்து நிற்கச் செய்வது அதன் நடைமுறை. வடசென்னையில் தொழிற்சங்கங்களும் இயக்கங்களும் நடத்தும் பயிற்சி வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் பெரும்பாலானவை பாட்டில் தொடங்கி, தியாகிகளின் பட்டியலில் வளர்ந்து, முழக்கத்தில் முடிகிறவை. இங்கே பாடம் எடுப்பவர் ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர். அவர் ஒவ்வொரு கிளர்ச்சியையும் அதற்குப் பின்வந்த சட்டத்திலிருந்து, அதிலும் அந்தச் சட்டம் யாரையெல்லாம் தொடாது என்று சொல்லும் விலக்குப் பிரிவிலிருந்து தொடங்குகிறார். போராடியவர்கள் எவ்வளவு வென்றார்கள் என்பது சட்டத்தின் முகப்பில் இருக்கும், எவ்வளவு இழந்தார்கள் என்பது விலக்குகளில் இருக்கும் என்பது அவருடைய வாதம். இந்த வாதத்தை எட்டு வாரமும் தாங்கிப் பிடிக்க முடியுமா என்று முதல் நாள் எனக்கு ஐயமாகத்தான் இருந்தது. எங்கே தாங்கியது, எங்கே சரிந்தது என்பதையே இங்கே சொல்லப்போகிறேன்.

முதல் அமர்வு சந்தால், முண்டா கிளர்ச்சிகளைப் பற்றியது. 1855 ஜூன் 30 அன்று போக்னாடியில் சந்தால் தலைவர்கள் சித்துவும் கானுவும் கூட்டிய கூட்டம், வட்டிக்கடைக்காரர்களின் கணக்குப் புத்தகங்கள், கிளர்ச்சியை நசுக்கிய கையோடு ஆங்கிலேயர் சந்தால் பர்கனா என்ற தனி மாவட்டத்தை உருவாக்கியது, பிர்சா முண்டா 1900 ஜூன் 9 அன்று ராஞ்சிச் சிறையில் இறந்தது, எட்டு ஆண்டுகள் கழித்து 1908இல் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் வந்து பழங்குடி நிலம் வெளியார் கைக்குப் போவதைக் கட்டுப்படுத்தியது என எல்லாம் ஒழுங்காகச் சொல்லப்பட்டன. புத்தகத்தில் படிக்கக் கூடியவைதாம். வகுப்பு உயிர் பெறுவது இரண்டாவது வாரத்தில், ரம்பா கிளர்ச்சியில்.

ரம்பாவைத் தமிழ் வாசகர் பெரும்பாலும் ஆந்திரக் கதையாகவே அறிவார். அது நடந்த 1922 முதல் 1924 வரையிலான காலத்தில் அந்த மலைப்பகுதி சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அதை ஆண்ட அதிகாரம் ஓட்டேரியிலிருந்து பஸ் பிடித்தால் சிறிது நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஜார்ஜ் கோட்டையில் இருந்தது. ஆசிரியர் சுவரில் மாட்டியிருந்த மாகாண வரைபடத்தை (பழைய ஃபிளெக்ஸ் பேனரின் பின்பக்கத்தில் கையால் வரைந்தது, ஆறுகள் நீல ஸ்கெட்ச் பேனாவில்) வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். மலைவாசிகளின் நிலத்தை வெளியாருக்கு மாற்றக் கூடாது என்று சென்னை அரசு 1917லேயே ஏஜென்சி என்னும் தனி நிர்வாக மலைப்பகுதிகளுக்கு நில மாற்றச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. பிறகு எதற்காக 1922இல் அல்லூரி சீதாராம ராஜுவின் பின்னால் கோயா மக்கள் திரண்டு, சிந்தப்பள்ளி, கிருஷ்ணதேவிப்பேட்டை, ராஜவொம்மங்கி காவல் நிலையங்களில் புகுந்து துப்பாக்கிகளை எடுத்தார்கள்?

விடை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாத ஆளிடம் இருக்கிறது. 1917ஆம் ஆண்டுச் சட்டம் வட்டிக்கடைக்காரரையும் சமவெளி வியாபாரியையும் தடுத்தது. 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் பெயரால் காட்டை அடைத்து, போடு என்னும் மலைச்சாகுபடியை முடக்கி, சாலை போடுவதற்குக் கூலியில்லா வேலை வாங்கிய அரசை அது தடுக்கவில்லை. நிலத்தைப் பறிக்கிறவர்களின் பட்டியலில் அரசு தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. கிளர்ச்சியை அடக்க மலபார் சிறப்புக் காவல் படையும் அசாம் ரைஃபிள்ஸும் வரவழைக்கப்பட்டன. 1924 மே 7 அன்று ராஜு சுட்டுக் கொல்லப்பட்டார். இதோடு பாடம் முடிந்திருந்தால் அது இன்னொரு வீரவரலாறாகவே இருந்திருக்கும். ஆசிரியர் அங்கிருந்து நேராக 1997ஆம் ஆண்டின் சமதா வழக்குக்குத் தாவினார். பழங்குடிகளுக்காக அரசியலமைப்பு தனியே பாதுகாக்கும் அட்டவணைப் பகுதி நிலத்தைப் பழங்குடி அல்லாத எந்த நபருக்கும் மாற்றக் கூடாது என்னும்போது அந்த ‘நபர்’ என்பதில் அரசும் அடங்கும், எனவே தனியார் சுரங்க நிறுவனங்களுக்கு அரசு அங்கே குத்தகை கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கோயா மக்கள் 1922இல் துப்பாக்கியோடு கேட்ட கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்ல எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அதே வரைபடத்தில் அவர் கல்வராயன், ஜவ்வாது, கொல்லி, நீலகிரி மலைகளையும் வட்டமிட்டிருந்தார். 1917ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சம், விசாகப்பட்டினம், கோதாவரி ஏஜென்சிகளுக்கானது. நம் மலைகளுக்கு அது வரவில்லை. அட்டவணைப் பகுதிகளுக்கான அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையிலும் தமிழ்நாட்டின் பகுதி எதுவும் இடம்பெறவில்லை. ஒரே கோட்டையிலிருந்து ஆளப்பட்ட இரண்டு மலைத்தொடர்களில் ஒன்றுக்குப் பாதுகாப்பு கிடைத்து மற்றொன்றுக்குக் கிடைக்காமல் போனதற்கு அங்கே கிளர்ச்சிகள் அடுத்தடுத்து நடந்ததே காரணம் என்பது அவர் முடிவு. அது முழுக் காரணம் என்று நான் ஏற்கவில்லை. தெலுங்கு ஏஜென்சிப் பகுதிகள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே தனி நிர்வாகத்தில் இருந்தவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1992 ஜூனில் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து நடத்திய கொடுமையையும், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தீர்ப்பு வந்து அதை 2023இல் உயர் நீதிமன்றம் உறுதிசெய்ததையும் அவர் இந்த இடத்தில் இணைத்திருக்கலாம். தருமபுரி அந்த வரைபடத்திலேயே இருந்தது, வாய்ப்பைத் தவறவிட்டார்.

தெலங்கானா அமர்வு சரளமாகப் போனது. 1946 ஜூலையில் கடவெண்டியில் உழவர் போராட்டத் தொண்டர் தொட்டி கொமரய்யா சுடப்பட்டதிலிருந்து 1951இல் ஆயுதப் போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது வரையிலான கதையும், அதே ஆண்டு ஏப்ரல் 18 அன்று போச்சம்பள்ளியில் வினோபா பாவே நிலம் கேட்க, ராமச்சந்திர ரெட்டி நூறு ஏக்கர் தருவதாக எழுந்து நின்றதும் அடுத்தடுத்து வைக்கப்பட்டன. பூதான (நிலக்கொடை) இயக்கத்தைக் கிண்டல் செய்யாமல், அது எந்த அச்சத்தின் மடியில் பிறந்தது என்று மட்டும் காட்டியது பாராட்டத்தக்கது. வங்காள அமர்வுதான் சொதப்பல். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்ட 1946ஆம் ஆண்டுத் தெபாகா, 1967 மே மாதத்து நக்சல்பாரி, 1978இல் தொடங்கிய ஆபரேஷன் பர்கா என முப்பது ஆண்டுகளை ஒன்றரை மணி நேரத்தில் திணித்தார்கள். விளைச்சலைப் பங்கிட்டுப் பயிரிடும் குத்தகைதாரர் ஏறத்தாழ 14 லட்சம் பேரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியது எப்படிச் சாத்தியமாயிற்று, வயலருகிலேயே மாலை நேரக் கூட்டம் கூட்டி அதிகாரிகள் பெயர் பதிந்ததற்கு என்ன முக்கியத்துவம் என்பதையெல்லாம் வருவாய்த்துறையில் வேலை பார்த்த ஒருவரிடமிருந்துதான் கேட்க வேண்டும். அவரோ நக்சல்பாரியிலேயே நேரத்தைக் கரைத்துவிட்டார்.

தஞ்சை அமர்வுக்காகவே இந்தத் தொடரில் சேரலாம். 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் தஞ்சை மிராசுதாரர்களை ஏன் பெரிதாக அசைக்கவில்லை என்பதில் தொடங்கினார்: அவர்களில் பெரும்பாலோர் ஜமீன்தார்களாக இல்லாமல் அரசுக்கு நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரிப் பட்டாதாரர்களாக இருந்தவர்கள், எனவே ஒழிக்கப்பட்ட முறைக்கு வெளியே நின்றவர்கள். பிறகு சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த சேரிகளில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் கட்டிய விவசாயிகள் சங்கம், அதன் அழுத்தத்தில் 1952இல் வந்த தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1955இல் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956இல் நியாயக் குத்தகைச் சட்டம் என்று வரிசையாக வந்தார். இந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை குத்தகைதாரருக்கானவை. நாற்று நடுகிற, அறுக்கிற கூலித் தொழிலாளிக்குக் குத்தகையும் இல்லை, பதிவும் இல்லை. அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்டதும், மிராசுதாரர்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் கொடியை ஏற்ற மறுத்துச் செங்கொடியைத் தாங்கி நின்றதும் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்ததில் முடிந்தன. மேல்முறையீட்டில் மிராசுதாரர்களை விடுவித்த உயர் நீதிமன்றம், காரும் பெருநிலமும் வைத்திருக்கும் செல்வந்தர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் எழுதியதை ஆசிரியர் எந்த விளக்கமும் சொல்லாமல் வாசித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதுவே போதுமானதாக இருந்தது.

அதன்பின் உச்சவரம்புச் சட்டத்துக்கு வந்தார். 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு வைத்தது. 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. ஸ்டாண்டர்டு ஏக்கர் என்பது அளவைச் சங்கிலியால் அளக்கிற ஏக்கர் இல்லை. நிலத்தின் தீர்வையை (நிலவரியை) பொறுத்து அது விரியும், சுருங்கும். இதைக் கரும்பலகையில் ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்து அவர் விளக்கியதுதான் தொடரின் உச்சம். குடும்பத்துக்கு 120 ஸ்டாண்டர்டு ஏக்கர். தலைவர், மனைவி, சிறு பிள்ளைகளுக்கு 30. மனைவியின் சீதனம் என்று 10. கல்யாணமான மகன்கள் இருவருக்கு, சட்டம் வரும் முன்பே எழுதியதாகத் தேதியிட்ட பாகப்பிரிவினைப் பத்திரத்தின் பேரில் தலா 30. மீதமுள்ள 20 ஏக்கர் கோயில் கட்டளைக்கு எழுதிவைக்கப்பட்டது, கட்டளையை நிர்வகிப்பவர் அதே குடும்பத் தலைவர். கீழே கோடு போட்டு ‘உபரி: இல்லை’ என்று எழுதியபோது அறையில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. “இதுல ஒரு வரிகூடச் சட்டவிரோதம் கிடையாது, அதைக் கவனிங்க” என்று மட்டும் சொன்னார்.

அவர் இதைப் புலம்பலாக முடிக்காததும் எனக்குப் பிடித்திருந்தது. கீழ்வெண்மணிக்குப் பின் 1969இல் நியாயக் கூலிச் சட்டமும் 1971இல் குடியிருப்பு மனை உரிமைச் சட்டமும் வந்தன. உச்சவரம்பைவிட இந்த மனைச் சட்டமே தஞ்சைத் தொழிலாளிக்குப் பெரிய வெற்றி என்று அவர் வாதிட்டார்: கூலி கேட்டால் குடிசையைக் காலி செய் என்று சொல்லும் அதிகாரம் பண்ணையாரின் கையை விட்டுப் போனது அதனால்தான். இதற்கு அவர் கொடுத்த விளக்கம் வலுவானது. எனினும் தஞ்சைப் பெண் தொழிலாளர்களைப் பற்றியும், கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் போன்றவர்கள் பிற்காலத்தில் நிலத்தை விலைக்குப் பேசி வாங்கிப் பெண்களின் பெயரில் பதிந்ததைப் பற்றியும் ஒரு சொல்லும் வரவில்லை. தொடர் முழுவதற்குமே இந்தக் குறை உண்டு. நடவு நட்ட கைகள் பாடத்தில் எங்கும் தென்படவில்லை.

கேரள அமர்வில்தான் அவருடைய சொந்த அளவுகோலை அவரே கைவிட்டார். 1957ஆம் ஆண்டுக் கம்யூனிஸ்ட் அமைச்சரவை, 1959 ஜூலை 31இல் அதன் கலைப்பு, 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையே ஒழிந்தது, பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரர்களுக்கு ஊராட்சிப் பகுதியில் பத்து சென்ட் என்று எல்லாவற்றையும் உற்சாகமாகச் சொன்னார். விலக்குப் பிரிவைத் திறக்கவே இல்லை. தேயிலை, ரப்பர், காப்பித் தோட்டங்கள் உச்சவரம்பிலிருந்து விலக்கப்பட்டதையும், குத்தகைப் பதிவு இல்லாத வயநாட்டுப் பழங்குடிகளுக்கு அந்தச் சீர்திருத்தத்தில் இடம் கிடைக்காததையும், பறிபோன நிலத்தை மீட்டுத்தர 1975இல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வராமலேயே கிடந்ததையும், 2003 பிப்ரவரியில் சி.கே. ஜானுவின் தலைமையில் முத்தங்காக் காட்டில் குடியேறியவர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்ததையும் ஒரு சட்டக்கல்லூரி மாணவி கேள்வியாகக் கேட்ட பிறகுதான் பேசினார். நல்ல கேள்விகளை அனுமதிக்கிற வகுப்பு என்று இதைப் பெருமையாகவும் சொல்லலாம். இருந்தாலும் காங்கிரஸ் சட்டத்துக்கு ஒரு பூதக்கண்ணாடி, கம்யூனிஸ்ட் சட்டத்துக்கு வேறு கண்ணாடி என்பது சரியில்லை.

லத்தீன் அமெரிக்க அமர்வைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மெக்சிகோவில் 1992இல் அரசியலமைப்பின் 27ஆவது பிரிவைத் திருத்திக் கூட்டுடைமை நிலத்தை விற்க வழிசெய்ததும், 1994 ஜனவரி 1இல் அந்நாட்டின் சியாபாஸ் மாநிலப் பழங்குடிகள் எழுந்ததும், ஈக்வடாரில் 1990ஆம் ஆண்டுப் பழங்குடி எழுச்சியும் பட்டியலாக வந்துபோயின. ஒன்றுமட்டும் மனத்தில் நின்றது. பெருவில் 1969ஆம் ஆண்டு வெலாஸ்கோவின் இராணுவ அரசு பெரும் பண்ணைகளைப் பறித்துக் கூட்டுறவுகளாக்கியது. பக்கத்து மலைச் சமூகங்கள் தங்கள் மேய்ச்சல் நிலத்தை முன்பு பண்ணையாரிடம் கேட்டதுபோலப் பின்னாளில் அந்தக் கூட்டுறவுகளிடமும் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. நம் வன மேம்பாட்டுக் கழகங்களையும் அரசுத் தேயிலைத் தோட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பேசியிருந்தால் இந்த அமர்வு ஓட்டேரிக்கு வந்துசேர்ந்திருக்கும். தனி அமர்வாக வைக்காமல் ரம்பாவோடு சேர்த்துவிடலாம்.

கடைசி அமர்வு, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கென ஆங்கிலேய அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, அடுத்த ஆண்டு வந்த ஆணை, மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று வழங்கிவரும் கணக்கு, பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனை, 1994 அக்டோபரில் காரணை என்ற ஊரின் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தது ஆகியவை முதல் பாதி. இங்கே விலக்குப் பிரிவு கிடையாது. சட்டம் தெளிவாக இருக்கிறது, நிலம்தான் இல்லை. அது எப்படி என்று காட்ட அவர் ஊர் நிலங்களைச் சர்வே எண் வாரியாகக் குறிக்கும் பழைய ஏ-பதிவேட்டின் நகல் ஒன்றைச் சுற்றுக்கு விட்டார். குறிப்புக் கட்டத்தில் டி.சி. என்று மங்கலான மையில் இரண்டு எழுத்து; ஒடுக்கப்பட்ட வகுப்பார் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அதே சர்வே எண்ணுக்கு 1980களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிந்தைய பதிவேட்டில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது, பட்டாதாரர் பெயரும் மாறியிருந்தது.

வியாசர்பாடியிலிருந்து வரும், துறைமுகத்தில் சுமை தூக்கும் நடுவயதுக்காரர் ஒருவர் அந்த நகலை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். “சார், எங்க ஊர் மதுராந்தகம் பக்கம். எங்களுக்குப் பஞ்சமி நெலம் இருந்துச்சுன்னு ஆயா சொல்லும். இப்போ அத்தக் கண்டுபிடிக்க முடியுமா?” என்றார். “முடியும் தம்பி, ஆனா சர்வே நம்பர் இல்லாம ஆபீஸ்ல ஒண்ணும் நகராது. மொதல்ல ஊர்ல வயசானவங்கள வச்சு எந்தப் பக்கம், எந்த ஏரிக்குக் கீழன்னு கேளுங்க. கிராம வரைபடத்துல அந்த எண்ணப் பாத்துக்கிட்டு, பழைய பதிவேட்டு நகல் வேணும்னு தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிப்போடுங்க. மனு எழுத நான் உதவுறேன்” என்றார் ஆசிரியர். வகுப்பின் மீதி நேரம் மனு எழுதுவதிலேயே போயிற்று. அறையில் இருந்தவர்களில் பலருக்கும் பூர்வீகம் செங்கல்பட்டு, திருவள்ளூர், வட ஆற்காட்டுக் கிராமங்கள்தாம். ஆலைகளுக்கும் துறைமுகத்துக்கும் ஆள் வந்த வழியும் பஞ்சமி நிலம் போன வழியும் பெரும்பாலும் ஒன்றே என்பதைப் பாடத்திட்டத்தில் சேர்த்து முறையாகவே எடுக்கலாம்.

வாசகசாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிலப் போராட்டம் குறித்த அலமாரி ஒன்று தனியாக இருக்கிறது. அதில் அச்சில் இல்லாத சிறு வெளியீடுகளும் மாநாட்டு மலர்களும் நிறைய. முன்பணம் 300 ரூபாய், நூல் ஒன்றுக்குப் பத்து நாளைக்கு 10 ரூபாய். சட்டங்களின் தமிழ் வடிவங்களைக் கோப்பாகத் தைத்து வைத்திருக்கிறார்கள், அதை வெளியே தருவதில்லை, அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். வகுப்பில் கொடுக்கும் ஒளிநகல்கள் படுமோசம்: தஞ்சை அமர்வுக்குக் கொடுத்த தாளில் இடது ஓரம் முழுவதும் கறுத்துப் பிரிவு எண்களே தெரியவில்லை. சட்டத்தை வைத்துப் பாடம் நடத்துகிறவர்கள் பிரிவு எண் தெரிகிற நகலாவது கொடுக்க வேண்டும். மின்விசிறி இரண்டுதான், கோடையில் பின்வரிசையில் உட்கார்ந்தால் வேர்த்துக் கொட்டும். தேநீர் உண்டு, கட்டணத்தில் அடக்கம்.

வகுப்பு மாலை ஐந்து மணிக்கு; ஆசிரியர் நேரம் தவறுவதில்லை. முழுத் தொடருக்கு வர முடியாதவர்கள் அமர்வுக்கு 100 ரூபாய் கொடுத்துத் தனியாகவும் உட்காரலாம். அப்படி வருகிறவர்களுக்கு ரம்பா, தஞ்சை, பஞ்சமி ஆகிய மூன்றையும் பரிந்துரைப்பேன். பஞ்சமி அமர்வுக்குப் போகிறவர்கள் சொந்த ஊரின் வட்டம், வருவாய்க் கிராமத்தின் பெயர், தெரிந்தால் சர்வே எண் ஆகியவற்றைக் குறித்து எடுத்துப்போகவும். மனுவை அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.